பனிக்கரடி எத்தனை நாள் பட்டினி தாங்கும்?

நண்பர் கேட்டிருப்பது இது: "1960களில் உலகில் 5,000 பனிக்கரடிகள்தான் இருந்தன, இன்று 25,000க்கு மேல் இருக்கின்றன என்கிறார்கள். அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்துகின்றன, மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கின்றன, கரைக்கு வந்தால் பழமும் முட்டையும் தின்கின்றன. அப்படியானால் பனி உருகினால் அழிந்துவிடும் என்பது மிகைதானே? உண்மையிலேயே ஆபத்து என்றால் கொஞ்சத்தைப் பிடித்து அண்டார்டிகாவில் விட்டால் என்ன?" நான்கைந்து கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். கடற்பனி இல்லாத காலத்தை இந்த விலங்கின் உடல் எத்தனை நாள் தாங்கும்? அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற முடிச்சுகள் தாமாகவே அவிழ்ந்துவிடும்.

என் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்கு உடலியல் படித்து அதையே பல ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தவன் நான். கொழுப்பு, பட்டினி, வளர்சிதை மாற்றம் ஆகியவை என் துறை. ஆர்க்டிக்கில் களப்பணி செய்ததில்லை. அங்கே கரடிகளுக்கு மயக்க ஊசி போட்டு, எடை பார்த்து, இரத்தம் எடுத்தவர்களின் ஆய்வுகளைப் படித்துப் பாடம் நடத்தியவன். ஆகவே உடலுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வதைக் கூடுதல் உறுதியோடும், தலை எண்ணும் கணக்கெடுப்புகளைப் பற்றிச் சொல்வதைக் கவனமான வாசகன் ஒருவனின் கருத்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கரடியை இறைச்சி தின்னும் விலங்கு என்று சொல்வது பாதி உண்மைதான். அது கொழுப்பைத் தின்னும் விலங்கு. அதன் முக்கிய இரை வளைய சீல். அடுத்து, உருவில் பெரிய தாடி சீல். நன்றாக வேட்டை கிடைக்கும் பருவத்தில், கொன்ற சீலின் தோலையும் அதன் அடியில் தடித்துக் கிடக்கும் கொழுப்பையும் தின்றுவிட்டுச் சதையை ஆர்க்டிக் நரிகளுக்கும் இளங்கரடிகளுக்கும் விட்டுவிட்டுப் போய்விடும். பார்ப்பவர்களுக்கு வீண் செலவாகத் தெரியும். உடலியல் கண்ணில் அது நல்ல சிக்கனம். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது, புரதம் 4 மட்டுமே. புரதத்தைச் செரித்து அதன் கழிவை வெளியேற்றத் தண்ணீரும் ஆற்றலும் செலவாகும். கொழுப்போ எரியும்போதே உடலுக்குள் தண்ணீரை உண்டாக்கும். குடிநீர் எல்லாம் உறைந்து கிடக்கும் இடத்தில் இது சாதாரண லாபம் அல்ல.

இந்த வேட்டைக்குக் கடற்பனி ஏன் வேண்டும்? சீல் தண்ணீரில் கரடியைவிடப் பல மடங்கு வேகமானது. திறந்த கடலில் கரடி அதைத் துரத்திப் பிடிப்பது மிக மிக அரிது. ஆனால் சீல் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். பனிப்பரப்பில் அது ஏற்படுத்திவைத்திருக்கும் மூச்சுத்துளையின் ஓரத்தில் கரடி அசையாமல் காத்திருக்கும். அல்லது பனியின்மேல் இளைப்பாறும் சீலை மெல்ல நெருங்கும். அல்லது பனிக்குவியலுக்குள் சீல் குட்டி போட்டு வைத்திருக்கும் வளையை மோப்பத்தால் கண்டுபிடித்து முன்னங்கால்களால் உடைத்து இறங்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை, பால்குடி மறந்த சீல் குட்டிகள் உடலில் ஏறத்தாழ பாதி கொழுப்போடும் உலக அனுபவம் எதுவும் இல்லாமலும் பனியின்மேல் கிடக்கும். ஆண்டு முழுமைக்கும் தேவையான ஆற்றலில் பெரும்பங்கைக் கரடி ஈட்டுவது அந்தச் சில மாதங்களில்தான். ஒரே போகம் விளையும் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடியானவனின் நிலை இது. அறுவடை நாட்களில் குதிர் நிரம்பினால் ஆண்டு ஓடும். அறுவடையே பத்து நாள் முன்னதாக முடிந்துபோனால் பின்னால் வரும் மாதங்களில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் ஈடுகட்ட முடியாது.

இந்த வாழ்க்கைக்கு அதன் மரபணுக்களே வளைந்து கொடுத்திருக்கின்றன. 2014இல் பனிக்கரடியின் மரபணுத் தொகுப்பைப் பழுப்புக் கரடியுடையதோடு ஒப்பிட்டார்கள். இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்துக்கான மரபணுவில், அபோபி என்று அதைக் குறிப்பார்கள், வலுவான இயற்கைத் தேர்வின் தடம் தெரிந்தது. நமக்கு மாரடைப்பைக் கொண்டுவரும் உணவைத் தின்றே அது வாழ்நாள் முழுவதும் நலமாக இருக்கிறது. அதன் பாலிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. பசும்பாலில் இருப்பது 4 விழுக்காடு அளவுதான்.

இனப்பெருக்கத்தில் இந்தக் கொழுப்புக் கணக்கு இன்னும் கறாராக நடக்கிறது. கரடிகள் ஏப்ரல், மே மாதங்களில் இணைசேரும். ஆனால் கருவுற்ற முட்டை உடனே கருப்பையில் பதியாது. பல மாதங்கள் மிதந்தபடி காத்திருக்கும். இலையுதிர் காலத்தில்தான் பதியும். அதற்குள் தாய் போதிய கொழுப்பைச் சேர்க்கவில்லை என்றால் அந்தக் கரு உருப்பெறாது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் நடந்த ஆய்வுகளில், இலையுதிர் காலத்தில் 189 கிலோவுக்குக் கீழே இருந்த பெண் கரடி எதுவும் அடுத்த வசந்தத்தில் குட்டியோடு காணப்படவில்லை. நன்றாகத் தின்ற பெண்ணோ நம்ப முடியாத அளவுக்குப் பெருக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் எலும்பும் தோலுமாக 100 கிலோ அளவில் பிடிபட்ட ஒரு பெண் கரடி அடுத்த கோடையில் 400 கிலோவைத் தாண்டி நின்றது பதிவாகியிருக்கிறது. குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல், கண் திறக்காத, ரோமம் அரிதான உயிர். பெரும்பாலும் இரட்டை. மார்ச், ஏப்ரலில் வளையைவிட்டு வெளியே வரும்போது 10 கிலோவைத் தொட்டிருக்கும். அந்தப் பத்துக் கிலோவும் தாயின் உடலிலிருந்து வந்தது. ஹட்சன் விரிகுடாவில் கருவுற்ற பெண் ஜூலையில் கரையேறினால் மறு ஆண்டு பிப்ரவரி, மார்ச் வரை, ஏறத்தாழ எட்டு மாதம், வாயில் எதுவும் படாமல் இருந்து குட்டியை ஈன்று பாலும் கொடுக்கிறது. பாலூட்டிகளில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

இந்த எட்டு மாதத்தைக் காட்டித்தான் "பட்டினி அதற்குப் பழக்கம்" என்று சிலர் வாதிடுகிறார்கள். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வளைக்குள் உறங்கும் கருவுற்ற பெண்ணின் உடல் வேறு நிலைக்கு மாறிவிடுகிறது: இதயத் துடிப்பு தாழ்கிறது, செலவு சுருங்குகிறது, யூரியாவைத் திரும்பப் புரதமாக்கிக்கொள்கிறது. பனிக்கரடிகளில் அப்படி வளைக்குள் குளிர்காலம் கழிப்பது கருவுற்ற பெண்கள் மட்டுமே. ஆண்களும் மற்றப் பெண்களும் குளிர்காலம் முழுவதும் நடமாடுகின்றன. ஒரு காலத்தில், கோடையில் உணவில்லாத கரடிகளும் விழித்தபடியே உறக்கநிலை போன்ற சிக்கன நிலைக்கு மாறிவிடுகின்றன என்ற கருத்து செல்வாக்காக இருந்தது. நானும் அதைக் கவர்ச்சியான கருதுகோள் என்றுதான் வகுப்பில் சொல்லி வந்தேன். 2015இல், அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள போஃபோர்ட் கடல் கரடிகளின் உடலுக்குள் வெப்பமானிகளையும் அசைவு அளவிகளையும் வைத்துப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட தனிச் சிக்கனம் எதுவும் தெரியவில்லை. உண்ணாமல் இருக்கும் எந்தப் பாலூட்டியும் எப்படிச் சற்று மந்தமாகுமோ அப்படித்தான் அவையும் மந்தமாகின்றன. கோடைப் பட்டினியை வெறும் சேமிப்பைக் கொண்டே கடக்கின்றன.

செலவும் நினைத்ததைவிட அதிகம் என்பது 2018இல் தெரிந்தது. அதே போஃபோர்ட் கடலில், வசந்த காலத்தில், ஒன்பது பெண் கரடிகளுக்குக் கேமரா பொருத்திய கழுத்துப்பட்டை மாட்டி ஆற்றல் செலவை அளந்தார்கள். முன்பு மதிப்பிட்டிருந்ததைப்போல 1.6 மடங்கு வந்தது. நாளொன்றுக்கு 12,000 கிலோகலோரிக்கு மேல். அசையாமல் காத்திருந்து வேட்டையாடும் விலங்கு சோம்பேறித்தனமாகச் செலவழிக்கும் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முழு வளர்ந்த வளைய சீலாவது கிடைத்தால்தான் கணக்கு நேராகும். ஒன்பதில் நான்கு கரடிகள் பத்து நாள் அளவில் உடல் எடையில் பத்திலொரு பங்கையோ அதற்கு மேலுமோ இழந்தன. அதுவும் வேட்டைக்கு நல்ல பருவத்தில்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வரலாம். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் சர்ச்சில் என்ற சிற்றூரைச் சுற்றி வாழும் மேற்கு ஹட்சன் விரிகுடாக் கரடிகள்தாம் உலகில் மிக நீண்ட காலமாக ஆராயப்பட்டவை. அங்கே கோடையில் பனி முழுவதும் உருகிவிடும். கரடிகள் எல்லாம் கரைக்கு வந்தாக வேண்டும். நவம்பரில் கடல் மறுபடி உறையும்வரை காத்திருக்க வேண்டும். 1979 முதல் பார்த்தால் பனியில்லாக் காலம் ஏறத்தாழ மூன்று வாரம் நீண்டுவிட்டது. அண்மை ஆண்டுகளில் கரைவாசம் 130 நாள் அளவுக்கு வந்திருக்கிறது. மூன்று வாரம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது: அறுவடைக் காலம் குறைகிறது, பட்டினிக் காலம் கூடுகிறது. கொழுப்பு வருவது நின்ற அன்றைக்கே செலவும் தொடங்கிவிடுகிறது. அந்தக் கரடிகளின் உண்மையான எடையையும் கொழுப்பையும் வைத்துச் செய்த ஒரு கணிப்பின்படி, பட்டினி 120 நாள் என்றால் வளர்ந்த ஆண் கரடிகளில் 3 முதல் 6 விழுக்காடு பசியால் சாகும். 180 நாள் என்றால் 28 முதல் 48 விழுக்காடு. நாட்கள் கூடியது ஒன்றரை மடங்கு, சாவு கூடியது பல மடங்கு. உடலியல் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கொழுப்பு இருக்கும்வரை உடல் பெரிதாக எதையும் காட்டாது. அது தீர்ந்து தசையை எரிக்கத் தொடங்கிவிட்டால் சரிவு மிக வேகம்.

முதலில் சாவது யார் என்பதும் தெளிவாகத் தெரியும். குட்டிகள். தாயின் சேமிப்பு ஒரு எல்லைக்குக் கீழே இறங்கும்போது பால் குறைந்து, பின்பு நின்றுவிடும். தாய் பிழைத்து அடுத்த ஆண்டு மறுபடி முயலும். இந்த ஆண்டின் குட்டி போய்விடும். அடுத்து வளர்ந்த ஆண்கள். குட்டியில்லாத பெண்கள்தாம் கடைசிவரை தாக்குப்பிடிப்பவை. இதனால்தான் "நான் எடுத்த படங்களில் கரடிகள் கொழுகொழு என்று இருக்கின்றனவே" என்று சர்ச்சிலுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிறக்காத குட்டியும், முதல் குளிர்காலத்தைத் தாண்டாத குட்டியும் படத்தில் வருவதில்லை. அதேபோல, இணையத்தில் சுற்றும் எலும்பும் தோலுமான ஒற்றைக் கரடியின் படமும் எதையும் நிரூபிப்பதில்லை. கிழட்டுக் கரடியும் பல்லுடைந்த கரடியும் எந்தக் காலத்திலும் அப்படித்தான் செத்திருக்கின்றன. பார்க்க வேண்டியது சராசரி எடையும் குட்டிகளின் எண்ணிக்கையும். மேற்கு ஹட்சனில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் தரவுகளைக் கொண்டு 2025இல் வெளியான ஆய்வு, தாய்க்கரடிகளின் எடை சராசரியாக 39 கிலோவும் ஒரு வயதுக் குட்டிகளின் எடை 26 கிலோவும் குறைந்திருப்பதாகக் காட்டுகிறது.

கரையில் வேறு எதையாவது தின்று சமாளிக்க முடியாதா? இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மேற்கு ஹட்சனில் இருபது கரடிகளுக்குக் கேமராப் பட்டை மாட்டிக் கோடையில் மூன்று வாரம் அளவுக்குப் பின்தொடர்ந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. சில கரடிகள் படுத்தே கிடந்து செலவைக் குறைத்தன. சில அலைந்து திரிந்து பெர்ரிப் பழம், புல், செத்த பறவை, எலும்பு, மான்கொம்பு என்று கிடைத்ததைக் கடித்தன. சில கடலில் நீண்ட தூரம் நீந்தின; அவற்றில் இரண்டு, மிதக்கும் பிணங்களைக் கண்டும் நீந்தியபடியே அவற்றைத் தின்ன முடியாமலும் கரைக்கு இழுக்க முடியாமலும் விட்டுவிட்டன. இருபதில் பத்தொன்பது கரடிகள் எடை இழந்தன. ஒன்று மட்டும் 32 கிலோ ஏறியது. அதற்குக் கரையில் ஏதோ கடல் பாலூட்டியின் பிணம் கிடைத்திருக்கும் என்று கருதுகிறார்கள். படுத்துக் கிடந்தவையும் தேடித் தின்றவையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் இளைத்தன. பழத்தில் கிடைத்த ஆற்றல் பழத்தைத் தேடி நடந்ததிலேயே போய்விட்டது.

வாத்துகளைத் துரத்துவது பற்றிப் பழைய சர்ச்சை ஒன்று உண்டு. 1980களில், 320 கிலோக் கரடி இறகுதிர்ந்து பறக்க முடியாத வாத்தை 12 வினாடிக்குமேல் துரத்தினால் நட்டம் என்று கணக்குப் போட்டார்கள். பின்னால் வந்த இன்னொரு ஆய்வு, அந்தக் கணக்கு மிகக் கடுமையானது, இன்னும் நீண்ட துரத்தலும் லாபமே என்றது. நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் கரடிகள் வாத்துக் கூடுகளைச் சூறையாடுவதும், 2020இல் ஒரு பெண் கரடி கலைமானைக் கடலுக்குள் விரட்டிக் கொன்றதும் படம் பிடிக்கப்பட்டிருக்கின்றன. தனிப்பட்ட கரடிகளுக்கு இவை உதவும் என்பதில் ஐயமில்லை. ஒரு கூட்டத்தையே இவற்றால் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. எனக்குத் தோன்றும் வலுவான எதிர்வாதம் இரண்டு. ஒன்று, அலாஸ்காவின் வடகரையில் ஏற்கெனவே பழுப்புக் கரடிகள் இருக்கின்றன. அவை தங்கள் இனத்திலேயே மிகச் சிறிய உருவமும் மிக அரிதான பரவலும் கொண்டவை. அந்த நிலம் அவ்வளவுதான் ஊட்டும். அங்கே அதைவிடப் பெரிய உடலோடு புதிதாக வந்து நிற்பவருக்கு என்ன மிஞ்சும்? இரண்டு, புரதம். விலங்குக்காட்சி சாலைகளில் பனிக்கரடிகள் சிறுநீரக நோயாலும் கல்லீரல் நோயாலும் சாவது நெடுங்காலமாகத் தெரிந்த சிக்கல். 2021இல் வந்த ஆய்வு இதை அவற்றுக்குக் கொடுக்கப்படும் புரதம் மிகுந்த உணவோடு இணைத்தது. உணவைத் தேர்ந்தெடுக்க விட்டால் அவை கொழுப்பு மிகுந்ததையே தேர்ந்தெடுத்தன. மான் இறைச்சியும் முட்டையும் வயிற்றை நிரப்பும். சீல் கொழுப்பின் வேலையை அவை செய்யா. அலாஸ்காவில் காக்டோவிக் ஊர்ப்புறத்தில், பழங்குடி மக்கள் மரபு உரிமைப்படி வேட்டையாடிய திமிங்கிலத்தின் எச்சத்தைத் தின்னக் கரடிகள் கூடுவது உண்மை. அதில் கொழுப்பு இருக்கிறது, கரடிகளும் கொழுக்கின்றன. ஆனால் அது மனிதர்கள் போடும் உணவு.

நீச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். 2008இல் போஃபோர்ட் கடலில் பட்டை மாட்டிய பெண் கரடி ஒன்று ஒன்பது நாள் இடைவிடாமல் 687 கிலோமீட்டர் நீந்தியது. அபாரமான சாதனை. இந்தச் செய்தியின் மறுபாதியை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: அது உடல் எடையில் 22 விழுக்காட்டையும் கூடவே வந்த ஒரு வயதுக் குட்டியையும் இழந்தது. பனிக்கரடி மூழ்கிச் செத்துவிடும் என்பது பெரிய கவலை அல்ல. நீந்துவது அதற்குத் தீராத செலவு, வரவு எதுவும் இல்லை.

வெப்பமும் நேரடிக் கொலைகாரன் அல்ல. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இனுக்காவை நினைவிருக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்தில், 1990இல் பிறந்த ஆண் பனிக்கரடி. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி அதுதான். 2018இல் முதுமை நோய்களால் கருணைக்கொலை செய்யப்படும்வரை 27 ஆண்டு வாழ்ந்தது. அந்த வாழ்க்கை அதற்கு நல்லதா என்பது வேறு விவாதம்; அந்தத் தோட்டமே இனிமேல் பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று 2006இல் முடிவெடுத்துவிட்டது. ஆனால் வேளைக்கு உணவு கிடைத்தால் வெப்பம் மட்டும் அதைக் கொன்றுவிடாது என்பதற்கு இனுக்கா சாட்சி. 2004இல் அதன் ரோமம் பச்சையானதும் பலருக்கு நினைவிருக்கலாம். ரோமம் உள்ளே குழலாக இருப்பதால் அதற்குள் பாசி புகுந்துவிட்டது. அதே குழலை வைத்து ஒரு கட்டுக்கதையும் உண்டு: ரோமம் சூரிய ஒளியைத் தோலுக்குக் கடத்துகிறது என்பது. 1998இல் ஒரு இயற்பியலாளர் அளந்து பார்த்தார். ஒளி சிறிது தூரம்கூடப் போகவில்லை. இன்னமும் பள்ளிப் புத்தகங்களில் அது உலவுகிறது.

இனி எண்ணிக்கை. இங்கே நான் முன்பே சொன்ன எச்சரிக்கை பொருந்தும். 5,000 என்ற எண் எந்தக் கணக்கெடுப்பிலிருந்தும் வந்ததல்ல. 1965இல் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் ஐந்து நாட்டு விஞ்ஞானிகள் கூடியபோது சோவியத் தரப்பு 5,000 முதல் 8,000 என்றது. மற்றவர்கள் 10,000க்கும் மேல் என்றார்கள். எல்லாமே ஊகம். இன்றைய எண், சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2015இல் தந்த 26,000. அதன் பிழை எல்லை 22,000 முதல் 31,000. ஊகத்தையும் மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்து "ஐந்து மடங்காகிவிட்டது" என்பது கணக்கே அல்ல. அதே சமயம், எண்ணிக்கை 1970களுக்குப் பிறகு பல இடங்களில் ஏறியிருக்க வேண்டும் என்பதை மறுக்க முடியாது. அதற்கு முன் அலாஸ்காவில் சிறு விமானத்தில் பறந்து சுட்டார்கள்; ஸ்வால்பார்டில் இரையைத் தொட்டால் தானே வெடிக்கும் துப்பாக்கிப் பெட்டிகளை வைத்தார்கள். சோவியத் ஒன்றியம் 1956இலேயே வேட்டையைத் தடை செய்தது. 1973இல் ஐந்து நாடுகளும் ஆஸ்லோவில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மற்ற இடங்களிலும் அந்த வெறியாட்டத்தை நிறுத்தியது. பழங்குடி மக்களின் மரபு வேட்டையை மட்டும் அனுமதித்தது. துப்பாக்கி ஓய்ந்ததால் ஏறிய எண்ணிக்கையைக் காட்டிப் பனி குறைவதால் ஆபத்தில்லை என்று சொன்னால், இரண்டு தனித்தனிக் காரணங்களைக் குழப்புகிறோம் என்று பொருள்.

பனிக்கரடிகளை ஏறத்தாழ இருபது துணைக்கூட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் கிட்டத்தட்டப் பாதிக்கு நம்பத் தகுந்த போக்கு எதையும் சொல்ல முடியாது, குறிப்பாக ரஷ்யக் கரையோரம். தெரிந்தவையும் ஒரே திசையில் போகவில்லை. மேற்கு ஹட்சனில் 1980களின் பிற்பகுதியில் 1,200 அளவு, 2016இல் 842, 2021இல் 618. தெற்கு போஃபோர்ட் கடலிலும் சரிவு. ஆனால் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடைப்பட்ட சுக்சி கடலில், பனி குறைந்த பின்னும், 3,000 அளவில் கரடிகள் கொழுப்போடு இருக்கின்றன. அங்கே கடல் ஆழமற்றது, வளமானது, சீல்கள் ஏராளம். கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட கேன் வடிநிலத்தில் எண்ணிக்கை கூடியே இருக்கிறது. முன்பு அங்கே பல ஆண்டுப் பழைய தடித்த பனி கிடந்தது. அது மெலிந்ததும் வெளிச்சம் உள்ளே போய் உயிர்ப்பு கூடியது. ஸ்வால்பார்டில் பனிநாட்கள் வேகமாகக் குறைந்தும் கரடிகளின் உடல்நிலை எதிர்பார்த்தபடி சரியவில்லை என்று நார்வே ஆய்வாளர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். இவை ஐயுறுபவர்கள் இட்டுக்கட்டிய கதைகள் அல்ல. மேற்கு ஹட்சன் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு: பக்கத்துக் கூட்டமான தெற்கு ஹட்சனில் அதே 2021 கணக்கெடுப்பு 780இலிருந்து 1,119க்கு ஏற்றத்தைக் காட்டியது. சில கரடிகள் எல்லை தாண்டிப் போயிருக்கலாம். ஆகவே 842இலிருந்து 618க்கு இறங்கியது முழுவதும் சாவு என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். நாற்பது ஆண்டுச் சரிவையும் எடைக் குறைவையும் அந்த எல்லை தாண்டலால் விளக்கிவிட முடியும் என்றாலும் தலையாட்ட மாட்டேன்.

"முன்பும் உலகம் சூடாக இருந்தது, கரடிகள் தப்பின" என்ற வாதத்தில் பாதி வலு உண்டு. ஸ்வால்பார்டில் கிடைத்த பனிக்கரடித் தாடையெலும்பு ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் பழையது. ஆர்க்டிக் இன்றைவிடச் சூடாக இருந்த இடைவெளியை இந்த இனம் ஏதோ ஒரு விதத்தில் கடந்திருக்கிறது. எத்தனை கரடிகள் மிஞ்சின, எங்கே ஒதுங்கின என்பதை அந்த எலும்பு சொல்வதில்லை. பழுப்புக் கரடியிலிருந்து அது பிரிந்தது எப்போது என்பதிலேயே மரபணு ஆய்வுகள் சில லட்சம் ஆண்டு, பத்து லட்சம் ஆண்டு என்று முரண்படுகின்றன. கலப்பினம் உருவாகித் தப்பிக்கும் என்றும் சிலர் எழுதினார்கள். 2006இல் கனடாவில் சுடப்பட்ட கலப்பினக் கரடி பெரிய செய்தியானது. பிறகு ஆராய்ந்தபோது, தெரிந்த கலப்பினங்கள் எட்டும் ஒரே ஒரு பெண் பனிக்கரடியின் வழிவந்தவை என்று தெரிந்தது. அவளுடைய தனிப்பட்ட விருப்பத்தை ஒரு பரிணாமப் போக்காகக் கொள்ள முடியாது.

"அழிந்துவிடும்" என்ற சொல்லையும் இங்கே சற்று நிதானப்படுத்த வேண்டும். நம் வாழ்நாளில் உலகின் எல்லாப் பனிக்கரடிகளும் மறையும் என்று எந்தப் பொறுப்பான ஆய்வும் சொல்லவில்லை. பட்டினி நாட்களை அடிப்படையாக வைத்து 2020இல் வெளியான கணிப்பு, பசுங்குடில் வாயு வெளியேற்றம் உயர்ந்த அளவிலேயே போனால் 2100க்குள் பெரும்பாலான துணைக்கூட்டங்களில் குட்டிகள் தப்பிப்பிழைப்பது ஐயம் என்கிறது. கனடாவின் வடகோடியில் குயின் எலிசபெத் தீவுகளில் மட்டும் நீடிக்கலாம். வெளியேற்றம் மிதமாகக் குறைந்தால் இன்னும் சில கூட்டங்கள் மிஞ்சும். 2022இல் தென்கிழக்கு கிரீன்லாந்தில் மரபணுவில் தனித்து நிற்கும் சில நூறு கரடிகள் கண்டறியப்பட்டன. அங்கே கடற்பனி ஆண்டுக்கு நூறு நாள் அளவுக்குத்தான் இருக்கிறது. மற்ற நாட்களில் பனியாறுகள் கடலில் உடைத்துத் தள்ளும் நன்னீர்ப் பனித்துண்டுகளின்மேல் நின்று சீல் பிடிக்கின்றன. கேட்க இனிப்பான செய்திதான். ஆனால் அப்படிப் பனியாறு நேராகக் கடலில் இறங்கும் இடங்கள் கிரீன்லாந்திலும் ஸ்வால்பார்டிலும் தவிர அதிகம் இல்லை. ஹட்சன் கரடிகளுக்கு அந்த வழி கிடையாது.

கடைசியாக அண்டார்டிகா. உடலியல்படி பார்த்தால் பனிக்கரடி அங்கே வாழ்ந்துவிடும், முதல் சில ஆண்டுகள் கொழுத்தும் போகும். அங்குள்ள சீல்களுக்கும் பெங்குவின்களுக்கும் தரையிலிருந்து வரும் எதிரியைத் தெரியாது. கரடி நெருங்கினாலும் அசையாமல் கிடக்கும். ஆர்க்டிக் சீல் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட பயத்தை அவை கற்றதில்லை. முட்டையிட்டு அடைகாக்கும் பெங்குவின் குடியிருப்பு ஒன்றைச் சில கரடிகளே காலி செய்துவிடும். ஓர் இனத்தின் உயிருக்குப் பல இனங்களைப் பலியிடும் ஏற்பாடு அது. சட்டமும் இடம் தராது. 1991இல் கையெழுத்தான அண்டார்டிகச் சூழல் பாதுகாப்பு ஒப்பந்தம், அந்த மண்ணுக்கு உரியதல்லாத விலங்குகளைக் கொண்டுவருவதைத் தடுக்கிறது. பல பத்தாண்டுகள் ஆய்வாளர்களின் சறுக்கு வண்டிகளை இழுத்த நாய்களையே 1994க்குள் அங்கிருந்து வெளியேற்றிவிட்டார்கள்.